வேலை போன வீட்டில் கோலம் எதற்கு?

கேள்வி | 9 ஜனவரி 2024, காலை

போன மாசம் எங்கள் டீமில் பாதிப் பேருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். நான் மிச்சப் பாதியில் இருக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. இந்த லட்சணத்தில் ஹெச்.ஆர். ஒரு வகுப்பு நடத்தியது. படம் வரையுங்கள், பாடுங்கள், டைரி எழுதுங்கள், எது வந்தாலும் தாங்குகிற மனசு வரும் என்றார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஈ.எம்.ஐ. கட்ட வழி தெரியாதவன் கையில் கலர் பென்சிலைத் திணிப்பது வயிறு நிறைந்தவன் சொல்லும் யோசனை என்பது என் கட்சி. பெங்களூரில் யாருக்காவது நிஜமாகவே பலன் கிடைத்ததா? பொன்மொழி வேண்டாம், அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

பதில் | 9 ஜனவரி, இரவு

ஆளைத் தூக்குகிறவர்களே அதைத் தாங்கிக்கொள்ள வகுப்பும் எடுத்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த எரிச்சலில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் பென்சிலைக் கொடுத்தவன் மேல் இருக்கும் கோபத்தைப் பென்சில் மேல் காட்ட வேண்டாம். எனக்குப் பலன் இருந்தது. எந்த மாதிரிப் பலன் என்பதுதான் பிடிபடவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

நான் டெஸ்டிங் ஆள். அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு கம்பெனியில் பல வருஷம். தீபாவளி முடிந்த கையோடு ஒரு சின்ன வீடியோ காலில் வேலை போயிற்று. ஹொரமாவில் ஃப்ளாட், அதன் மேல் கடன், ஒன்பதாவது படிக்கும் மகள், ஒரு பள்ளியில் கணக்கு எழுதும் மனைவி, முழங்கால் தேய்ந்த அம்மா.

மார்கழி பிறந்தது. அம்மாவால் குனிய முடியவில்லை. ஸ்டிக்கர் கோலம் வாங்கி ஒட்டிவிடலாம் என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஊட்ல சும்மாதான இருக்க, நீ போடு" என்றார். 'சும்மாதான' என்பது அந்த நேரத்தில் எங்கே போய்க் குத்தும் என்று வேலை போனவர்களுக்குத் தெரியும். கோபத்தில்தான் மாவு டப்பாவை எடுத்தேன். கலை ஆர்வம், மன அமைதி, ஒரு மண்ணும் கிடையாது.

10 ஜனவரி

"ஆம்பளை கோலம் போட்டால் அபார்ட்மென்ட்டில் சிரிக்க மாட்டார்களா" என்று கேட்டவருக்கு: முதல் சில நாள் லிஃப்டில் இறங்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அப்புறம் அவரவர் ஆபீஸ் அவசரம். எதிர் வீட்டுக் கன்னட அம்மா மட்டும் அருகில் வந்து, "நாவு இதன்ன சுக்கி ரங்கோலி அந்தீவி" (நாங்கள் இதைப் புள்ளி ரங்கோலி என்போம்) என்று சொல்லிவிட்டு, என் புள்ளி வரிசை கோணலாக இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். விமர்சனத்தில் மொழிப் பிரச்சினையே இல்லை.

மாவை எப்படிப் பிடிப்பது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இது எழுத்தில் சொல்லி வராது, இருந்தாலும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை. நடுவிரல் கீழே தாங்க வேண்டும். கட்டைவிரல் முன்னே தள்ளத் தள்ள மாவு இழையாக இறங்கும். கையைத் தரையில் ஊன்றக் கூடாது, ஓர் அங்குல உயரத்தில் நிற்க வேண்டும். மேலே போனால் கோடு சிதறும், கீழே வந்தால் விரலே பழைய கோட்டைத் துடைத்துக்கொண்டு போகும். வளைவில் தயங்கினால் அங்கே மாவு குவியும். அவசரப்பட்டால் கோடு அறும். எங்கள் வாசலோ வழவழ டைல்ஸ். லிஃப்ட் கதவு திறக்கும் காற்றுக்கே பொடி நகரும். அரிசி மாவு லேசு, பறந்துவிடும். கடையில் விற்கும் வெள்ளைக் கல் பொடி கனம், உட்கார்ந்த இடத்தில் உட்காரும். ஆனால் அரிசி மாவு இல்லாத கோலம் அம்மாவுக்குக் கோலமே இல்லை, எறும்பு என்ன தின்னும் என்பார். மூன்றாவது மாடிக்கு எறும்பு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். கல் பொடியில் ஒரு பிடி அரிசி மாவு கலந்து இரண்டு தரப்பையும் சமாளிக்கிறேன்.

14 ஜனவரி, போகி

மார்கழி இன்றோடு சரி. நாளையிலிருந்து இரண்டு இழை இழுத்தால் போதும் என்று அம்மாவே விடுதலை கொடுத்துவிட்டார். நான் விடுவதாக இல்லை. காரணத்தை யோசித்து எழுதுகிறேன். போகிக்கு ஆபீஸ் ஐ.டி. கார்டை எரிக்கலாமா என்று மகள் கேட்டாள். அதையும் கூரியரில் திரும்ப வாங்கிக்கொண்டார்களம்மா என்றேன்.

21 ஜனவரி

வேலை தேடுவதில் கொடுமை 'இல்லை' என்ற பதில் இல்லை. பதிலே வராததுதான். நௌக்ரி வேலைத் தளத்தில் போட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல். லிங்க்ட்இன்னில் பழைய மேனேஜர் "கண்டிப்பா பார்க்கலாம்" என்று எழுதிவிட்டுக் காணாமல் போவார். நாள் பூரா இப்படியே போனால், நாம் எதைச் செய்தாலும் எதுவும் நடக்காது என்று உடம்பே நம்பத் தொடங்கிவிடுகிறது. எனக்கு டிசம்பரில் அது நடந்தது. பல் தேய்ப்பதைக்கூடத் தள்ளிப்போட்டேன்.

சிக்குக் கோலத்தில் அந்த ஏமாற்று வேலை கிடையாது. கோடு தப்பினால் நாலாவது புள்ளியில் தெரிந்துவிடும். சரியாக வந்தால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். அதிகபட்சம் இருபது நிமிஷத்தில் தீர்ப்பு.

இன்னொன்று சொல்கிறேன், கணக்குப் பிடிக்காதவர்கள் தாண்டிப் போய்விடலாம். நேர் புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் எல்லாப் புள்ளியையும் சுற்றி முழுசாகப் பின்னினால் எத்தனை கோடு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அகலத்துக்கும் உயரத்துக்கும் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை கோடு. 3க்கு 4 வைத்தால் ஒரே கோடு, கை எடுக்காமல் முடிக்கலாம். 3க்கு 3 வைத்தால் மூன்று தனித்தனிக் கோடு. 4க்கு 6 என்றால் இரண்டு. 2க்கு 2 வைத்துப் பாருங்கள், ஒன்றை ஒன்று கோத்துக்கொண்ட இரண்டு வளையம் வரும். அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்துப் போடும் படங்களிலும் இதே விதி ஓடுகிறது. பவுலஸ் கெர்டஸ் என்ற கணித ஆய்வாளர் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்.

இது தெரிந்த அன்றைக்கு ஏழெட்டு அளவில் போட்டுப் பார்த்தேன். டெஸ்டிங் புத்தி, எங்கேயாவது உடைகிறதா பார்க்காமல் தூக்கம் வராது. உடையவில்லை. வேலை போனதிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை மறந்தது அன்றைக்குத்தான்.

22 ஜனவரி

அம்மாவிடம் இந்த விதியைப் பெருமையாக விளக்கினேன். "சதுரமா வெச்சா பிரிஞ்சி பிரிஞ்சிதான் வரும், ஒண்ணு கூட வெச்சா ஒட்டிக்கும், இது தெரியாதா" என்றார். அஞ்சாவது வரை படித்தவர்.

இதைக் கணினிக்காரர்கள் கவனித்ததும் இன்று நேற்றல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974லேயே கோலத்தை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது மாதிரி படத்துக்கு இலக்கணம். எங்கள் வாசலில் கிடந்த பாடத்தை வாசல் தாண்டிப் போய்ப் பல வருஷம் படித்திருக்கிறேன்.

26 ஜனவரி

"கேண்டி க்ரஷ்கூடத்தான் உடனே பதில் சொல்கிறது, அப்போது அதையே ஆடலாமே" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நல்ல அடி. ஒரு நாள் பூரா யோசித்தேன்.

உடனே பதில் வருவது மட்டும் காரணமில்லை, சரி. விளையாட்டில் அடுத்த கட்டம் என்ன என்பதை அவன் முடிவு செய்கிறான். எங்கே திணறினால் நான் காசு போடுவேன் என்பதும் அவனுக்குத் தெரியும். கோலத்தில் இன்றைக்கு எத்தனை புள்ளி, எவ்வளவு சிக்கல் என்பது என் இஷ்டம். முடியாது என்று தோன்றுகிற நாளில் 2க்கு 3. திமிர் இருக்கிற நாளில் 7க்கு 8. கஷ்டத்தின் அளவை நானே வைக்கிற இடம் அந்த மாதங்களில் வேறு எதுவும் எனக்கு இல்லை. கடன் தவணை, கம்பெனி பதில், மகளின் ஃபீஸ், எல்லாம் அடுத்தவன் குறித்த தேதி.

அப்புறம், போட்டது வாசலில் கிடக்கிறது. பேப்பர் போடும் பையன் சுற்றி நடக்கிறான். கேண்டி க்ரஷை யாரும் சுற்றி நடப்பதில்லை.

2 பிப்ரவரி

ஆதாரம் கேட்பவர்களுக்காக. பெரும்பாலான 'கலை மனசுக்கு நல்லது' கட்டுரைகள் நம் ஊர் லேகிய விளம்பரம் மாதிரி எல்லாவற்றுக்கும் மருந்து சொல்பவை. அவற்றைத் தள்ளிவிட்டு, எனக்கு உருப்படியாகப் பட்ட இரண்டு.

ஒன்று, நம் பிரச்சினையேதான். 1994ல் வெளிவந்தது. அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் வேலை இழந்த 63 பேர், பெரும்பாலும் நடுவயது தாண்டிய எஞ்சினியர்கள். ஒரு பிரிவை ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிஷம், வேலை போனதைப் பற்றி மனசில் உள்ளதை ஒளிவு மறைவில்லாமல் எழுதச் சொன்னார்கள். இன்னொரு பிரிவு அன்றாட வேலைத் திட்டத்தை எழுதியது. இன்னும் சிலர் எதுவும் எழுதவில்லை. அடுத்த மாதங்களில் மனசைக் கொட்டி எழுதியவர்களுக்குத்தான் வேலை சீக்கிரம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால் அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விண்ணப்பம் போடவில்லை, அதிகமாக ஆட்களைப் பார்க்கவும் இல்லை. பழைய கம்பெனி மேல் இருந்த கோபம் எழுத்தில் இறங்கிவிட்டதால் நேர்முகத்தில் கொப்பளிக்காமல் இருந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அந்த ஆய்வைச் செய்தவர்களில் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் ஒருவர். 1986லேயே கல்லூரி மாணவர்களை இப்படி எழுதவைத்துப் பார்த்தவர். எழுதியவர்கள் பின்னாளில் டாக்டரிடம் குறைவாகப் போனார்கள். ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனசு இன்னும் மோசமாகத்தான் இருந்தது. இந்த இரண்டாவது பாதியை எந்த ஹெச்.ஆர். வகுப்பும் சொல்வதில்லை.

இரண்டாவது 2016. ஃபிலடெல்ஃபியாவில் ட்ரெக்ஸல் பல்கலையில் கிரிஜா கைமல் குழு. 39 பேரை 45 நிமிஷம் களிமண், மார்க்கர், வெட்டி ஒட்டுவது என்று இஷ்டப்படி விட்டு, முன்னும் பின்னும் எச்சில் எடுத்து கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்தது. கலை தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு கூட்டம் அதில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 45 நிமிஷம் யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டாலே எனக்குக் கார்ட்டிசால் குறையும்.

3 பிப்ரவரி

மனைவி படித்துவிட்டு, "யாரு உங்களத் தொந்தரவு செய்றா?" என்று கேட்டார். முந்தைய குறிப்பின் கடைசி வரியை அவரவர் வீட்டு நிலவரத்துக்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளவும்.

11 பிப்ரவரி

எழுதியும் பார்த்தேன். அந்த டல்லாஸ் முறைதான், தமிழில், மகளின் பழைய நோட்டில். முதல் இரண்டு நாள் எழுதியது முழுக்க அந்த வீடியோ காலைப் பற்றியே. அந்த ஆள் என் பெயரைத் தப்பாக உச்சரித்ததை மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதி முடித்து எழுந்தால் தலைவலி, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள் எழுத்து தானாக வேறு பக்கம் திரும்பியது. அந்த வேலை எனக்கு எப்போதோ அலுத்துப்போயிருந்தது என்பதும், சம்பளத்துக்காக அதை நானே என்னிடம் சொல்லாமல் இருந்ததும் வந்து விழுந்தது. ஐந்தாம் நாள் அரைப் பக்கத்துக்கு மேல் விஷயமே இல்லை.

என் தீர்ப்பு: எழுதுவதைப் பேதி மருந்து மாதிரி எடுத்துக்கொள்ளலாம், தினசரிச் சாப்பாடாக வேண்டாம். ஒரே காயத்தை வருஷம் பூரா டைரியில் கிளறிக்கொண்டிருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். கைக்கு வேலை தருகிற விஷயங்கள் தினசரிக்குத் தாங்கும்.

19 பிப்ரவரி

குனிய முடியாது, இடமும் கிடையாது, பி.ஜி. விடுதியில் மூன்று பேரோடு இருக்கிறேன் என்று எழுதிய தம்பிக்கு: கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயாலேயே சொல்வது. காசு வேண்டாம், வாத்தியம் வேண்டாம், பக்கத்துக் கட்டில்காரனை எழுப்பாமல் உதட்டுக்குள்ளேயே சொல்லலாம். மிஸ்ர சாபு தாளத்துக்குத் 'தகிட தகதிமி', ஏழு எண்ணிக்கை. கண்ட சாபு தாளத்துக்குத் 'தக தகிட', ஐந்து. இதை விரலில் போட்டுக்கொண்டே நடந்து பாருங்கள், இரண்டு கால் ஒரு கணக்கில் போகும், வாய் வேறு கணக்கில் போகும், சேர்கிற இடம் வரும்போது ஒரு சிரிப்பு வரும். சின்ன வயதில் மாமா சொல்லிக்கொடுத்தது எனக்கு இவ்வளவுதான். வைட்ஃபீல்டுக்கு இன்டர்வியூ போகும்போது மெட்ரோவில் இதுதான் துணை. 2023 அக்டோபரில் அந்த லைன் முழுசாகத் திறந்தது வேலை இல்லாதவனுக்குப் பெரிய உதவி, ஓலாவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது.

முறையாகக் கற்க நம் ஊரில் வழி உண்டு. டி.ஏ.எஸ். மணி 1964ல் இங்கே தாளவாத்தியத்துக்கென்றே கல்லூரி தொடங்கியவர். கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால் பெங்களூரில்தான் இருக்கிறார். பெண்ணின் கைக்குக் கடம் சரிப்படாது என்று தயக்கம் காட்டிய காலத்தில் கற்று மேடை ஏறியவர். மானாமதுரைக் கடம் அடிக்கடி விரலைப் பதம் பார்க்கும், தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

11 மார்ச்

தண்ணீர். எங்கள் பக்கம் போர்வெல் நின்று மூன்றாவது வாரம். நகரத்தில் அரசு போட்ட 13,900 போர்வெல்லில் 6,900 வற்றிவிட்டது என்று அரசே சொல்கிறது. குடிநீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம். டேங்கருக்கு மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்திருக்கிறது, 12,000 லிட்டர் 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று. அந்த விலைக்கு டேங்கர் வந்தால் சொல்லுங்கள், நான் மாலையோடு நிற்கிறேன்.

வாசல் தெளிக்காமல் கோலம் போடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். வறண்ட டைல்ஸில் பொடி ஒட்டவும் ஒட்டாது. இப்போது ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து, துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு துடைப்பு. காய்வதற்குள் புள்ளி வைத்துவிட வேண்டும். மார்ச் வெயிலில் அதற்கு அதிக நேரம் கிடையாது. அதனால் சின்னக் கோலம், வேகமான கை. ஒரு மக் தண்ணீருக்குள் எவ்வளவு பெரிசு முடியும் என்பது புதுக் கணக்கு. வீட்டில் குளிக்க அரை பக்கெட் என்று எல்லோரும் முகம் தூக்கிக்கொண்டிருந்த வாரத்தில் இதில் மட்டும் யாருக்கும் சலிப்பு வரவில்லை. மகள் 3க்கு 5ஐ ஈரம் காய்வதற்குள் முடித்துவிட்டு ஒலிம்பிக் ஓடியவள் மாதிரி கை தூக்கினாள்.

12 மார்ச்

அசோசியேஷனிலிருந்து மெசேஜ்: காமன் ஏரியாவில் பொடி தூவினால் வழுக்கும், தவிர்க்கவும். எதிர் வீட்டுக் கன்னட அம்மா கன்னடத்தில் போட்ட பதில் என் அளவுக்குப் புரிந்தவரை: உகாதிக்கு உங்கள் வீட்டு வாசலில் என்ன இருக்கும் என்று பார்க்கிறேன். அதோடு குரூப் அமைதியாகிவிட்டது.

13 மார்ச்

"தினம் அழிந்து தினம் பிறக்கும் கோலம் நிலையாமையின் தத்துவம் அல்லவா" என்று எழுதியிருக்கும் அன்பருக்கு: இல்லை சார். காலை பத்து மணிக்கு ஹவுஸ்கீப்பிங் அக்கா பெருக்கிவிடுகிறார், அவ்வளவுதான். நன்றாக வந்த அன்றைக்கு வயிறு எரியும். தத்துவம் எதுவும் வருவதில்லை, போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

30 மார்ச்

கோல வகுப்பு எடுக்கலாமே, வாரக்கடைசி வொர்க்‌ஷாப் என்று போட்டால் இந்திராநகரில் தலைக்கு 1,500 ரூபாய் கொடுப்பார்கள் என்று இரண்டு பேர் யோசனை சொல்கிறார்கள். கொடுப்பார்கள், சந்தேகமில்லை. காசு கஷ்டம் இருக்கும்போது மறுப்பது திமிர் என்றும் தெரியும்.

கூட வேலை பார்த்த ஒரு நண்பன் கதை: 2020 ஊரடங்கில் மொட்டை மாடியிலிருந்து பறவைகளைப் படம் எடுக்க ஆரம்பித்தான். அதுதான் என்னைக் காப்பாற்றியது என்று சொல்லிக்கொண்டிருந்தவன். போன வருஷம் வேலை போனதும் அதையே தொழிலாக்கினான். இப்போது கல்யாண ஆல்பம், ரீல்ஸ், கிளையன்ட் தொல்லை. பிழைப்பு நடக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பறவை எடுத்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான். தெம்பு கொடுத்ததை விற்றுவிட்டால் தெம்புக்கு வேறு ஒன்று தேட வேண்டும். நான் காசுக்கு வேறு வழி பார்க்கிறேன். ஜாவா டியூஷன் எடுக்கிறேன், அதன் மேல் எனக்குப் பாசம் கிடையாது.

6 ஏப்ரல்

ஒரு இன்டர்வியூவில், இத்தனை மாசம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். கோர்ஸ், சர்ட்டிஃபிகேட் எல்லாம் சொல்லி முடித்தும் அந்தப் பெண் விடாமல், "வேறு?" என்றார். வொயிட்போர்டில் 3க்கு 4 போட்டு ஒரே கோட்டில் முடித்துக் காட்டினேன். இருவரும் எழுந்து வந்து பார்த்தார்கள். நல்ல சிரிப்பு, நல்ல கைகுலுக்கல். வேலை கிடைக்கவில்லை. ஆனால் அன்று மாலையே மறுப்பு மெயில் வந்தது, காரணத்தோடு. அதற்கே அவர்களுக்கு ஒரு கும்பிடு.

14 ஏப்ரல், சித்திரை 1

கேள்வி கேட்டவரே திரும்பி வந்திருக்கிறார். அவருக்கும் மார்ச் கடைசியில் வேலை போய்விட்டதாம். இதையெல்லாம் படித்துப் படம் வரைய உட்கார்ந்தாராம், கோபம்தான் ஏறியதாம்.

அப்படியானால் எழுந்துவிடுங்கள். அந்த ட்ரெக்ஸல் கணக்கிலேயே கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை. கட்டாயப்படுத்திச் செய்தால் அதுவும் இன்னொரு அப்ரைசல் ஆகிவிடும். முதலில் காசு விஷயத்தை ஒழுங்கு செய்யுங்கள். 2024 விதிப்படி வேலை போய் ஒரு மாசம் ஆனால் பி.எஃப்பில் 75 சதவீதம் எடுக்கலாம், இரண்டு மாசம் ஆனால் மிச்சமும். எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே ராத்திரி கொஞ்சம் தூக்கம் வரும். கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கடைசி வேலை நாளோடு போய்விடும். அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசியாக மாற்றிக்கொள்ள வசதி உண்டு, உடனே கேளுங்கள். வங்கிக்கு நீங்களே போய்ப் பேசுங்கள், தவணை தவறிய பிறகு அவர்கள் பேசும் தொனி வேறு.

இதெல்லாம் ஒரு கரைக்கு வந்த பிறகு, கைக்கு ஏதாவது வேண்டும்போல் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் நடங்கள். வயிறு நிறைந்தவன் யோசனை என்று நீங்கள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வாடகைக்கு வழியே இல்லாத வீட்டில் என் அம்மாவும் கோலத்தைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்.

அந்த வரியை எழுதிவிட்டு அம்மாவிடம் கேட்டேன். "உங்கப்பா வேலையத்துக் கெடந்தப்பவும் போட்டுட்டுத்தான் இருந்தேன். வாசல் வெறுமனே இருந்தா கடங்காரன் உள்ள வந்துடுவான்" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று மறுபடி கேட்டதற்கு, காப்பி ஆறுது குடி என்று சொல்லிவிட்டார். ஆக மேலே எழுதிய பத்தியின் கடைசி வரியை அடித்துவிடவும்.

5 மே

ஏப்ரல் முழுக்க ஒரு சொட்டு இல்லாமல் இப்போதுதான் மழை. நாலு மாசத் தாகத்துக்கு இது பத்தாது, ஆனாலும் வாசல் தெளிக்க அம்மா தாராளமாகிவிட்டார். எனக்கு ஆறு மாசக் கான்ட்ராக்ட் ஒன்று கிடைத்திருக்கிறது, பழைய சம்பளத்தில் முக்கால் பங்கு. அதற்கப்புறம் என்ன என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கோலத்தால் கிடைத்ததா என்று கேட்காதீர்கள், பழைய டீம் ஆள் ஒருவர் சிபாரிசு. கோலம் செய்தது, அவர் போன் செய்தபோது எடுத்துப் பேசும் நிலையில் என்னை வைத்திருந்தது. டிசம்பரில் செய்திருந்தால் எடுத்திருக்கவே மாட்டேன்.

7 மே

4க்கு 4 வைத்து ஒரே கோட்டில் முடிக்க வழி உண்டா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். முழுசாகப் பின்னினால் நாலு கோடு வரும், அதை மாற்ற முடியாது. ஆனால் இரண்டு வேறு வேறு கோடு குறுக்கே வெட்டுகிற ஓர் இடத்தைப் பிடியுங்கள். அங்கே வெட்டாமல் இரண்டையும் வளைத்து எதிரெதிரே திருப்பிவிட்டால் அந்த இரண்டும் ஒன்றாகிவிடும். இப்படி மூன்று இடத்தில் செய்தால் நாலும் ஒரே கோடு. ஒரே கோடு தன்னைத்தானே வெட்டும் இடத்தைத் தொடாதீர்கள், திரும்பப் பிரிந்துவிடலாம்.

அம்மாவுக்கு இந்த வைத்தியம் பிடிக்கவில்லை. மூன்று இடத்தில் மாற்றினால் நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்காதாம், ஒட்டுப்போட்ட பாவாடையாம். நாலு பக்கமும் ஒத்துப்போய் ஒரே கோடாகவும் வருகிற மாதிரி போடுகிறேன் என்று மகளிடம் சவால் விட்டு, இருவரும் சாக்பீஸோடு பால்கனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வந்தால் படம் போடுகிறேன். பொடி எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: கே.ஆர். மார்க்கெட், மூட்டையாகவே கிடைக்கும். சலித்துப் பயன்படுத்துங்கள், நடுவில் வரும் கல் விரலை அறுக்கும்.